24 எஃப் 1.4-ஆ, 35 எஃப் 1.4-ஆ? பின்னணி மங்கலையும் கூர்மையையும் கடையிலேயே சோதிப்பது எப்படி?

கித்தாக்காடு (சுங்கை சிப்புட்) கேட்டது:

வணக்கம். ஈப்போவில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் இரண்டு இருக்கு: 24 மி.மீ. எஃப் 1.4, 35 மி.மீ. எஃப் 1.4. ஒன்றுதான் வாங்க முடியும். கேமரா ஃபுல் ஃபிரேம், 24 மெகாபிக்சல். ஏற்கனவே 50 எஃப் 1.8 உண்டு. எடுக்கப்போவது இங்கே சுற்றியுள்ள தோட்டங்களில்தான்: மாரியம்மன் கோயில் திருவிழா, டேவானில் (மண்டபத்தில்) கல்யாணம், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் குடும்பப் படம். என் கேமராவில் மாட்டிப் பார்க்கக் கடைக்காரர் அரை மணி நேரம் தருவார். கடைக்கு வெளியே ஐந்தடி (கூரை போட்ட நடைபாதை), எதிரே கடைவீட்டு வரிசை, அவ்வளவுதான் இடம்.

கேட்க வேண்டியது மூன்று.

24-இல் ஆளுக்குப் பின்னால் இருப்பது நிஜமாகவே மங்குமா, இல்லை எஃப் 1.4 என்பது இருட்டுக்கு மட்டும்தானா?

விமர்சனப் படங்களில் எல்லா லென்ஸின் பொக்கேயும் (பின்னணி மங்கும் அழகும்) நன்றாகத்தான் தெரியுது. நல்லது கெட்டதை எதை வைத்துப் பிரிப்பது?

கடைக்காரர் 24-இல் எடுத்து அனுப்பிய மாதிரிப் படத்தில் இடது ஓரம் கலங்கலாக இருக்கு. லென்ஸ் கோளாறா, எடுத்த விதமா?

---

பாடாங் ஓரம் எழுதியது:

முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும், தம்பி. குவியத் தூரத்தை (24, 35 மி.மீ.) எஃப் எண்ணால் (1.4) வகுத்தால் லென்ஸில் ஒளி நுழையும் துளையின் விட்டம். 24 எஃப் 1.4-க்கு 17 மி.மீ., 35 எஃப் 1.4-க்கு 25, உங்கள் 50 எஃப் 1.8-க்கு 28, 85 எஃப் 1.8-க்கு 47. வெகுதூரத்தில் எரியும் ஒரு விளக்கு, நீங்கள் ஃபோகஸ் செய்த ஆள் நிற்கும் தளத்தில் வைத்து அளந்தால், அதே விட்டமுள்ள வட்டாக விழும். 24-இல் அந்த ஆளின் கட்டைவிரல் நகம் அகலம், 85-இல் மூன்று விரல் அகலம். ஆள் கிட்டே வந்தாலும் தள்ளிப் போனாலும் இந்த அளவு மாறாது. மாறுவது, ஆள் படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்பது மட்டும்.

இப்போது ஆளை எல்லா லென்ஸிலும் ஒரே அளவில் நிறுத்துவோம். படத்தின் அகலத்தில் 1.8 மீட்டர் அடங்க வேண்டும் என்று வையுங்கள். 24-க்கு 1.2 மீட்டரில் நிற்க வேண்டும், 35-க்கு 1.75, 50-க்கு 2.5, 85-க்கு 4.25. உங்கள் கேமராவில் படம் 6000 பிக்சல் அகலம். மங்கல் வட்டின் விட்டம் இப்படி வரும்:

பின்னணி மிகத் தூரத்தில் இருந்தால்: 24-இல் 57 பிக்சல், 35-இல் 83, 50-இல் 93, 85-இல் 157.

பின்னணி ஆளுக்கு 4 மீட்டர் பின்னால் இருந்தால்: 44, 58, 57, 76.

1 மீட்டர் பின்னால் இருந்தால்: 26, 30, 26, 30.

கடைசி வரியை இன்னொரு தடவை பாருங்க. பின்னணி ஒட்டி நின்றால் 24-க்கும் 85-க்கும் பெரிய வித்தியாசமே இல்லை. டேவானில் மணமேடைக்குப் பின்னால் துணித்திரை 1 மீட்டரில்தான் தொங்கும். அங்கே பெரிய லென்ஸ் வாங்கினால் பின்னணி கரையும் என்று நினைப்பது வீண். தோட்டத்துச் சாலையில், பின்னால் 100 மீட்டருக்கு ஒன்றும் இல்லாத இடத்தில்தான் 85 தன் வேலையைக் காட்டும்.

அப்படியானால் 24-இல் ஏன் பின்னணி மங்கவே இல்லை என்று எல்லோரும் புலம்புகிறார்கள்? இதற்கும் கணக்கு உண்டு. 4 மீட்டர் பின்னால் இருக்கும் பேனரில் எவ்வளவு பெரிய விவரம் அழிகிறது என்று பாருங்கள். எஃப் 1.4-இல் 24 ஆனாலும் 35 ஆனாலும் 57 மி.மீ.; எஃப் 1.8-இல் 50 ஆனாலும் 85 ஆனாலும் 44 மி.மீ. ஆள் ஒரே அளவில் இருக்கும்வரை இது எஃப் எண்ணை மட்டும் பொறுத்தது. ஆக, உங்கள் 50-ஐ விட 24 எஃப் 1.4 பேனரை அதிகமாகவே அழிக்கும். ஆனால் 24-இல் அந்தத் தூரத்தில் 7.8 மீட்டர் அகலம் படத்துக்குள் வந்துவிடும், 85-இல் 3.5 மீட்டர்தான். அழிந்த பொருள்கள் 24-இல் சின்னச் சின்னதாக, நிறைய. நாற்காலி, மின்விசிறி, பந்தல் கால், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அரைகுறையாகத் தெரியும். குறை மங்கலில் இல்லை, நெரிசலில் இருக்கு. அதை எஃப் எண்ணால் தீர்க்க முடியாது. நிற்கும் இடத்தை மாற்றித்தான் தீர்க்கணும்.

24-க்கு நிஜமான லாபம் கிட்டே போகும்போது. அரை மீட்டரில் படத்தின் அகலம் 75 செ.மீ.தான், தூரத்து விளக்கு 137 பிக்சல் வட்டாகிவிடும். மருதாணிக் கை, கரகம், அர்ச்சனைத் தட்டு, காவடியின் மயிலிறகு, இதற்கெல்லாம் 24 அருமை. எவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். சோனி 24 ஜி.எம். 0.24 மீட்டர், சிக்மா 35 டி.ஜி. டி.என். 0.30 மீட்டர். இந்த இரண்டுக்கும் ஃபில்டர் அளவு ஒன்றே, 67 மி.மீ.

---

செம்பனை நிழல் எழுதியது:

கணக்கை அண்ணன் சொல்லிட்டார். எவ்வளவு மங்குது என்பது ஒன்று, எப்படி மங்குது என்பது வேறொன்று. இரண்டாவதைக் காகிதத்தில் போட முடியாது, எடுத்துத்தான் பார்க்கணும்.

விமர்சனப் படங்களில் ஏன் எல்லாமே அழகு தெரியுமா? பின்னால் தொங்குவது சீரியல் பல்பு, அதுவும் இருபது மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் எந்த லென்ஸும் சுமாராகவாவது வட்டம் போடும். லென்ஸின் குணம் வெளியே வருவது ஆள் நிற்கும் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை உள்ள இடத்தில். அங்கே பொருள் முழுசாகவும் கரையாது, தெளிவாகவும் இருக்காது. சுமாரான லென்ஸ் அங்கே ஒவ்வொரு கோட்டையும் இரண்டு கோடாகப் பிளக்கும். அகலக்கோண லென்ஸில் எடுக்கிற படத்தில் பாதிக்கு மேல் பின்னணி அந்தத் தூரத்தில்தான் விழும் என்பதால் இது 85-காரருக்கு இருப்பதைவிட நமக்குப் பெரிய பிரச்சினை.

அதனால் ஒரே ஆளை 1.2 மீட்டரில் நிறுத்தி, பின்னணி கேமராவிலிருந்து 2 மீட்டரில் ஒன்று, 4-இல் ஒன்று, 15-க்கு மேல் ஒன்று என மூன்று படம் எடுங்க. பின்னணியில் மெல்லிய கோடுகள் இருக்கணும், சாதாரணச் சுவர் வேண்டாம். கடைவீட்டின் மடக்கு இரும்புக் கிரில் அற்புதமான பொருள். ஐந்தடியிலேயே கிடைக்கும்.

நம்ம ஊரில் கடைசிப் பரீட்சை செம்பனை ஓலை. ஓலைக்கு நடுவே வெள்ளை வானம் ஊசி ஊசியாகக் குத்தும், ஓலையின் முதுகு வெயிலில் பளபளக்கும். இதைச் சாந்தமாகக் கரைக்கும் லென்ஸ் எதையும் கரைக்கும். கித்தா மரக்காடு அவ்வளவு கொடுமை இல்லை. வரிசையாக நிற்கும் தண்டு தடிமனானது, ஓரம் மென்மையானது. கித்தாக் காட்டில் எடுத்த மாதிரியைக் காட்டி பொக்கே சூப்பர் என்று யாராவது விற்றால் நம்பாதீங்க.

காரணம் என்ன என்று கேட்டால், கோளப் பிறழ்ச்சியை (லென்ஸின் நடுவழியும் ஓரவழியும் வரும் ஒளி ஒரே இடத்தில் குவியாததை) திருத்தியிருக்கும் விதம். அளவுக்கு மீறித் திருத்தியிருந்தால் பின்னணி வட்டின் விளிம்பு பிரகாசமாகவும் நடு மங்கலாகவும் இருக்கும். அந்த விளிம்புதான் கோட்டை இரட்டையாக்குது. கொஞ்சம் குறைவாகத் திருத்தியிருந்தால் விளிம்பு தானாகக் கரையும். இதில் ஒரு விஷயம்: பின்னால் சாந்தமாக இருக்கும் லென்ஸ் முன்னால் கரடுமுரடாக இருக்கும். தூபப் புகை, முன்வரிசைத் தலை, வாழைமரத் தோரணம் இவற்றை முன்னால் வைத்து எடுக்கிற பழக்கம் இருந்தால் முன்பக்கத்தையும் சோதிக்கணும்.

சோதனைக்குக் கைப்பேசி டார்ச் போதும். அலுமினியத் தாளில் ஊசியால் ஒரு துளை போட்டு டார்ச்சின்மேல் ஒட்டுங்க. 4, 5 மீட்டரில் வைத்து, கேமராவைக் கையால் 1 மீட்டரில் ஃபோகஸ் செய்து, படத்தின் நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று. பிறகு தூரத்தில் ஃபோகஸ் வைத்து டார்ச்சை அரை மீட்டருக்குக் கொண்டுவந்து ஒன்று. இந்த வட்டில் பார்க்க வேண்டியது:

விளிம்பில் பிரகாச வளையம் இருக்கா. மெல்லிய வளையம் பரவாயில்லை, கோடு போட்டது போல இருந்தால் செம்பனை ஓலையில் தொல்லை.

உள்ளே வெங்காயம் அறுத்தது போல வட்ட வட்டமாக வரி இருக்கா. அச்சில் வார்த்த ஆஸ்ஃபெரிக்கல் (கோள வடிவமல்லாத) கண்ணாடியில் அச்சின் கடைசல் தடம் இது. விளக்குகளில் மட்டும் தெரியும். இலை, துணியில் தெரியாது. திருவிழா இரவு அதிகம் எடுப்பீங்க என்றால் கணக்கில் எடுங்க, இல்லை என்றால் விடுங்க.

மூலையில் வட்டு எலுமிச்சைத் துண்டாக ஒடுங்குதா. எல்லா எஃப் 1.4 அகலக்கோணமும் ஒடுங்கும். எவ்வளவு என்பதும், எஃப் 2-க்கு மூடினால் வட்டமாகுதா என்பதும்தான் கேள்வி. எஃப் 2.8-க்குப் பிறகும் ஒடுங்கியே இருந்தால் முன்பக்கக் கண்ணாடியைச் சிக்கனமாகப் போட்டிருக்காங்க.

நடு வட்டில் ஒரு பக்கம் மட்டும் பிரகாசமா. இது குணமில்லை, கோளாறு. கண்ணாடி ஏதோ ஒன்று நடுவை விட்டு விலகியிருக்கு. அங்கேயே வைத்துவிட்டு வந்துடுங்க.

அப்புறம் ஷட்டர். பகலில் எஃப் 1.4-இல் வட்டின் மேல்பாதியோ கீழ்ப்பாதியோ வெட்டின மாதிரி வந்தால் லென்ஸைத் திட்டாதீங்க. ஷட்டரின் முதல் திரை எலக்ட்ரானிக்காக இருந்து வேகம் 1/2000-க்கு மேல் போனால் அப்படித்தான் வரும். மெனுவில் முழு மெக்கானிக்கலுக்கு மாற்றுங்க. சோனி ஏ7சி போன்ற கேமராவில் முழு மெக்கானிக்கல் கிடையாது, அதிலே வேகத்தைக் குறைக்கணும், இல்லாட்டி முழு எலக்ட்ரானிக்குக்கு மாற்றணும். நம்ம மதிய வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 1.4 என்றால் 1/12800 கேட்கும். 1/8000 உள்ள கேமராவிலும் படம் வெளுக்கும். 3 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் 1/1600-க்கு இறங்கும், இரண்டு தொல்லையும் தீரும்.

---

கித்தாக்காடு:

ரொம்ப நன்றி அண்ணே. பேனர் கணக்கு இதுவரை யாரும் சொல்லாதது. இடது ஓரம் பற்றி? கடைக்காரர் எதிர்க் கடைவீட்டு வரிசையை எஃப் 1.4-இல் எடுத்திருக்கார். நடுவில் பெயர்ப்பலகை தெளிவு. வலது ஓரம் சுமார். இடது ஓரத்தில் எழுத்தே படிக்க முடியலை.

---

தைப்பிங் மழை எழுதியது:

அந்த ஒரு படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, தம்பி. ஓரம் கலங்குவதற்கு நான்கு காரணம் இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

முதலாவது, கேமரா நேராக நிற்காதது. எஃப் 1.4-இல் சுவருக்குக் கேமரா கொஞ்சம் திரும்பியிருந்தாலும் ஒரு ஓரம் ஃபோகஸை விட்டுப் போகும். 24-இல் 1.2 மீட்டரில், திரையில் முழு அளவில் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 4 செ.மீ.தான். அட்டவணைகளில் 21 செ.மீ. என்று போட்டிருக்கும், அது சின்னப் பிரிண்டுக்குப் போட்ட பழைய கணக்கு. கிட்டேயுள்ள சுவரில் சோதிப்பதாக இருந்தால் சுவரில் ஒரு சிறிய கண்ணாடியை ஒட்டவைத்துப் பிடியுங்கள். அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் படத்தின் நட்ட நடுவில் விழுந்தால் கேமரா சுவருக்கு நேர். இதைவிட நம்பகமான மட்டப்பலகை கிடையாது.

இரண்டாவது, ஃபோகஸ் தளமே வளைந்திருப்பது. அகலக்கோண வேக லென்ஸில் இது சகஜம். நடுவில் ஃபோகஸ் செய்தால் ஓரத்தின் தெளிவு சுவருக்கு முன்னாலோ பின்னாலோ போய் விழும். ஓரத்தில் லென்ஸ் கூர்மை இல்லாததல்ல இது, கூர்மை வேறு தூரத்தில் இருக்கிறது. கண்டுபிடிக்க: ஃபோகஸ் புள்ளியை இடது மூலைக்கு நகர்த்தி, அங்கேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். அதேபோல நான்கு மூலையும். ஒவ்வொரு மூலையும் அதனதன் ஃபோகஸில் தெளிவாக வந்தால் கண்ணாடியில் குறையில்லை, தளம் வளைவு. மூன்று மூலை தெளிந்து இடது மூலை மட்டும், எத்தனை முறை ஃபோகஸ் செய்தாலும், சேறாகவே இருந்தால் அந்தப் பிரதி கோணல். கீழே விழுந்த லென்ஸ் பெரும்பாலும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, காட்சி. எதிர் வரிசை கேமராவுக்கு இணையாக இருக்காது. இடது பக்கக் கடை இரண்டு மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கலாம். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை எடுங்கள். கலங்கல் படத்தின் அதே பக்கத்தில் நின்றால் லென்ஸிலோ மவுண்டிலோ (லென்ஸ் மாட்டும் வளையத்திலோ) கோளாறு. கட்டடத்தோடு சேர்ந்து மறுபக்கம் போனால் காட்சியின் வேலை. உங்கள் 50-ஐ மாட்டி அதே படம் எடுத்தால் மவுண்டா லென்ஸா என்பதும் தெரிந்துவிடும்.

நான்காவது, காற்று. காலை பதினொன்றுக்குமேல் தார்ச்சாலை மீதும் தகரக் கூரை மீதும் காற்று நெளியும். 60 மீட்டர் தள்ளியுள்ள எழுத்து அதில் கரைந்து தெரியும். உலகத்திலேயே விலையுயர்ந்த லென்ஸும் அங்கே தோற்கும். ஓரத்துப் படத்தை மூன்று முறை எடுத்துப் பாருங்கள். கலங்கலின் வடிவம் படத்துக்குப் படம் மாறினால் அது வெக்கை.

வாங்கிய பிறகோ, கடைக்காரர் வெளியே கொண்டுபோக விட்டாலோ, பாடாங் (புல்திடல்) சோதனை செய்யுங்கள். புல் வெட்டிய பாடாங்கில் முக்காலியை இடுப்புயரம் வைத்து, கேமராவை இடம் வலம் சாயாமல் மட்டமாக, தரை மட்டும் படத்தில் நிறையும்படி கீழே சாய்த்து, நடுவில் 2 மீட்டர் அளவில் ஃபோகஸ். எஃப் 1.4-இல் ஒன்று, 2.8-இல் ஒன்று. கணினியில் விளிம்பு கண்டுபிடிக்கும் ஃபில்டரை ஓட்டினால் தெளிவான புல் மட்டும் ஒரு பட்டையாக மின்னும். பட்டை நேர்கோடாக இருந்தால் தளம் தட்டை. இரு முனையும் உங்களை நோக்கி வளைந்தால் ஓரத்துத் தெளிவு முன்னால் வருகிறது. எதிர்ப்பக்கம் வளைந்தால் பின்னால் போகிறது. ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே என்று சாய்ந்திருந்தால் கோணல். ஆனால் முதலில் கேமராவின் மட்டத்தைச் சரிபாருங்கள், அது சாய்ந்தாலும் பட்டை சாயும்.

கூர்மையைப் பார்ப்பதில் இன்னும் சில.

ஒரே ஒரு படம் போதாது. தானியங்கி ஃபோகஸ் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி நிற்கும். ஒவ்வொரு துளைக்கும் புதிதாக ஃபோகஸ் செய்து ஐந்து எடுத்து, அதில் சிறந்ததை மட்டும் ஒப்பிடுங்கள். துளையை மூடும்போது தெளிவுத்தளம் பின்வாங்கும் லென்ஸும் உண்டு, அதனால் எஃப் 1.4-இல் பிடித்த ஃபோகஸை வைத்துக்கொண்டு 2.8-ஐச் சோதிக்க வேண்டாம்.

முக்காலி, 2 வினாடி டைமர், கேமராவின் அதிர்வுத் தடுப்பு அணைத்து, 1/500-க்குக் குறையாமல். கடைக்குள் எல்.இ.டி. வெளிச்சத்தில் எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். நம்முடையது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், படத்தில் பட்டை விழும்.

ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுங்கள். ஜேபெக்கில் கேமராவே வளைவைத் திருத்தும், மூலையை இழுத்துப் பெரிதாக்கும், ஓர இருட்டைத் தூக்கும். அங்கே தெரியும் கலங்கலிலும் புள்ளியிலும் பாதி மென்பொருளுடையது.

பார்க்கும் பொருள்: ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு. அதன் நுண்கோடுகளைவிட மலிவான சார்ட் இல்லை. நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று என்று தட்டையான பலகையில் ஒட்டி 1 மீட்டரில் எடுங்கள். ஆனால் அந்த முடிவு 1 மீட்டருக்கு மட்டும்தான். கிட்டே நன்றாக இருந்து தூரத்தில் சோர்ந்துபோகும் லென்ஸ் உண்டு, மாறியும் உண்டு. எதிர் வரிசையையும் கட்டாயம் எடுங்கள்.

எஃப் 1.4-இல் நடு தெளிவாக இருக்கணும், மூலை தெளிவாக இருக்கத் தேவையில்லை. எஃப் 4-இலும் மூலை கலங்கினால் அதுதான் கவலை. 5.6-ஐத் தாண்டி மூடி ஒப்பிட வேண்டாம். எஃப் 11, 16-இல் டிஃப்ராக்ஷன் (சின்னத் துளை வழியே ஒளி விரிவது) எல்லா லென்ஸையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிடும்.

---

செம்பனை நிழல்:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனா மூலைக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? எஃப் 1.4-இல் எடுக்கிறோம் என்றாலே மூலை மங்கப்போகுது. மங்கப்போகிற இடத்தில் கூர்மை இருந்தால் என்ன, இல்லாட்டி என்ன? தம்பி அரை மணி நேரத்தை நடுக் கூர்மைக்கும் பொக்கேக்கும் செலவழிக்கலாம்.

---

தைப்பிங் மழை:

85-க்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்வேன். 24-இல் ஆளை நடுவில் வைத்து யார் எடுக்கிறார்கள்? பூசாரி ஒரு ஓரம், தேர் மறு ஓரம். மாப்பிள்ளை இடது மூன்றில் ஒரு பங்கில், சொந்தக்காரர் வலதில். ஆள் ஓரத்துக்கு வந்துவிட்டால் ஓரத்தின் கூர்மைதான் படத்தின் கூர்மை. நான் கேட்பது கடைக்கோடி மூலை அல்ல, படத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் உள்ள இடம். முகம் விழுவது அங்கேதான்.

இரவில் கடைக்கோடி மூலையும் வேலைக்கு வரும். மூலையில் உள்ள சீரியல் பல்பு ஒவ்வொன்றும் சிறகு விரித்த பறவை போல இழுபட்டால் அது கோமா. கோபுர விளக்கு, தெருவிளக்கு, தீமிதிக் குழியின் தணல் எல்லாவற்றிலும் தெரியும். பெரும்பாலானவை எஃப் 2 அல்லது 2.8-இல் அடங்கிவிடும். டார்ச் ஊசித்துளையை மூலையில் வைத்து, இம்முறை ஃபோகஸ் சரியாகப் பிடித்து எடுத்தால் கடையிலேயே தெரியும்.

---

செம்பனை நிழல்:

மூன்றில் இரண்டு பங்கு என்றால் சரி, அதை ஏற்றுக்கொள்றேன். மூலையை மட்டும் ஐந்து மடங்கு பெரிசாக்கிப் பார்த்து லென்ஸைத் திருப்பிக் கொடுக்கிறவங்களைச் சொன்னேன்.

நிறப் பிசிறு ஒன்று விட்டுப்போச்சு. ஃபோகஸுக்கு முன்னால் ஊதா கலந்த சிவப்பு, பின்னால் பச்சை. வெள்ளை வேட்டி மடிப்பு, வெள்ளிக் குத்துவிளக்கு, நகையின் மினுக்கம், இவற்றில் முதலில் தெரியும். மென்பொருளில் துடைக்கலாம், ஆனால் வாழை இலை, வெற்றிலையின் ஓரப் பச்சையும் சேர்ந்து வெளுக்கும். சாவிக்கொத்தைச் சாய்வாக வைத்து நடுச் சாவியில் ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்க. முன் சாவி, பின் சாவியின் விளிம்பு நிறத்தைப் பாருங்க.

---

பாடாங் ஓரம்:

அரை மணி நேரத்துக்கு ஒரு வரிசை சொல்றேன். முதலில் கேமராவில் மாட்டாமல் லென்ஸைப் பாருங்கள். டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பார்க்கணும். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நம் ஈரக்காற்றில் இதுதான் முதல் எதிரி. கண்ணாடி முழுக்கப் பால் படிந்தது போல மூடல் இருந்தால் மாறுபாடு குறையும், எஃப் 1.4-இல் கறுப்பு சாம்பலாகும். விளிம்பில் வானவில் திட்டு என்றால் ஒட்டிய கண்ணாடி பிரிகிறது. ஒன்றிரண்டு தூசி இருந்தால் ஒன்றும் ஆகாது, அதை வைத்து விலையைக் குறைக்கச் சொல்லலாம், அவ்வளவே. லீனியர் மோட்டார் லென்ஸைக் கையில் குலுக்கினால் உள்ளே ஆடும் சத்தம் வரலாம். மின்சாரம் இல்லாதபோது அது இயல்பு.

பிறகு வெளியே வரும்போது ஒரு விஷயம் யாரும் நினைப்பதில்லை. கடைக்குள் ஏர்கான், வெளியே வெக்கை. லென்ஸ் வெளியே வந்ததும் முன் கண்ணாடி, பின் கண்ணாடி இரண்டிலும் பனி படியும். துடைத்துவிட்டு எடுத்தாலும் மறுபடி படியும், படமெல்லாம் கனவு மாதிரி ஒளிரும். அதைப் பார்த்து லென்ஸ் மென்மையானது என்று முடிவு கட்டினால் போச்சு. போனதும் முதலில் இரண்டு லென்ஸையும் மூடியோடு பைக்குள் வைத்து ஐந்தடியில் வைக்கச் சொல்லுங்கள், 20 நிமிடமாவது வேணும். கடைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் டார்ச், வெள்ளி நோட்டு, சாவிக்கொத்துச் சோதனைகளை உள்ளேயே முடித்துவிட்டு, கடைசி பத்து நிமிடத்தை மட்டும் வெளியே வையுங்கள், பனி விலகிய பிறகு எடுத்த படத்தை மட்டும் நம்புங்கள்.

வெளியே எதிர்வரிசை: நடு, நான்கு மூலை, தலைகீழாக ஒன்று. பிறகு கிரிலை வைத்து மூன்று தூரத்துப் படம். இரண்டு லென்ஸுக்கும் ஒரே இடம், ஒரே ஆள். மெமரி அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் பாருங்கள். கேமராவின் பின்திரையில் எல்லாமே கூர்மைதான்.

வாங்கிய பிறகு ஈரக்காப்புப் பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். பெட்டி இல்லாவிட்டால் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போதும். தோல் பையில் அலமாரிக்குள் வேண்டாம்.

---

கித்தாக்காடு:

கடைசியாக ஒன்று. லயத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் ஒரே வரிசையில் நிற்பாங்க. 24-இல் இரண்டு முனையில் நிற்கிறவங்க அகலமாகவும் கலங்கலாகவும் வருவாங்க என்று கேள்விப்பட்டேன். அதற்கு 35-தான் நல்லதா?

---

தைப்பிங் மழை:

அகலமாவதும் கலங்குவதும் வேறு வேறு. முனையில் முகம் நீள்வது அகலக்கோணத்தின் கணக்கு. லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நேர்கோட்டை நேராகக் காட்ட வேண்டுமானால் ஓரம் இழுபடும். பின்னுக்கு நகர்ந்து, இரு பக்கமும் ஒரு ஆள் அகலம் காலியாக விட்டு, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். 35-இல் பின்னுக்குப் போக வாசலில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரிசை 6 மீட்டர் அகலம் என்றால் 24-க்கு 4 மீட்டர் போதும், 35-க்கு 6 மீட்டர் வேண்டும், இரண்டிலும் ஓரத்தில் ஒன்றும் மிச்சமிராது. லயத்து முன்வாசலில் வாய்க்கால், துணிக்கொடி எல்லாம் கழித்தால் அவ்வளவு இருக்காது.

கலங்கல் பாடாங் சோதனையில் உங்களுக்குத் தெரிந்த வளைவுதான். பட்டையின் முனை உங்களை நோக்கி வளைந்திருந்தால் வரிசையின் இரு முனையையும் அரை அடி முன்னால் வரச் சொல்லுங்கள், பிறை போல நிற்கட்டும். எதிர்ப்பக்கம் வளைந்திருந்தால் முனையில் நிற்பவர்கள் பின்னால் போகட்டும். எஃப் 4 அல்லது 5.6 போதும், ஃபோகஸை நடு ஆளின்மேல் வைக்காமல் நடுவுக்கும் முனைக்கும் இடையில் நிற்பவர்மேல் வையுங்கள். இரண்டு வரிசையாக நிறுத்தினால் முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ், எஃப் 5.6-க்குக் குறையாமல்.